பீரங்கிக்கு முன்னாடி வர்ற ரெண்டு நிமிஷம்

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியோட 1812 ஓவர்ச்சர் (அந்த வருஷம் படையெடுத்து வந்த நெப்போலியன ரஷ்யா ஜெயிச்சதப் பத்தின ஆர்கெஸ்ட்ரா இசை) பத்தி பேச்செடுத்தாலே "ஓ அந்த பீரங்கி வெடிக்கிற மியூசிக்கா"ன்னு கேட்டு முடிச்சிடறாங்க, எனக்கு அது நிஜமாவே வருத்தம். அது பீரங்கியிலயா ஆரம்பிக்குது? நாலு செல்லோ, ரெண்டு வயோலா (ரெண்டும் வயலின் குடும்பத்து வாத்தியம்தான்), வேற யாரும் இல்ல, "ஆண்டவரே உம் மக்களைக் காப்பாற்றும்"ங்கிற ரஷ்ய சர்ச் பாட்ட மெதுவா வாசிப்பாங்க. நெப்போலியன் படை நாட்டுக்குள்ள வந்தாச்சு, ஜனங்க கோயில்ல கூடி நிக்கறாங்க. ராத்திரி ஹெட்போன் போட்டு அந்த இடத்த மட்டும் கேளுங்க, ப்ளீஸ்.

இதுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்ததே சைகோவ்ஸ்கிதான். மாஸ்கோ கண்காட்சிக்குன்னு கேட்டாங்க, 1880ல ஒன்றரை மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்துட்டார். அவருக்குப் பண உதவி பண்ணிட்டிருந்த நதேஷ்தா வான் மெக் அம்மாவுக்கு எழுதின லெட்டர்ல, இது ஒரே சத்தமா இருக்கும், நான் ஆசையா எழுதல, அதனால கலையா ஒண்ணும் தேறாதுன்னுட்டார், அதே சமயம் தந்தி வாத்தியங்களுக்கு மட்டும்னு எழுதின ஸ்ட்ரிங் செரினேட்தான் மனசுலேர்ந்து வந்ததாம். விமர்சகர்கள் இன்னிக்கு வரைக்கும் அந்த வரியத்தான் தூக்கிக் காட்டறாங்க. எழுதினவர் அலுத்துப்போய் சொன்னத கேக்கறவன் எதுக்குத் தீர்ப்பா எடுத்துக்கணும்?

அப்புறம் ஆளாளுக்கு அதத் தன்னோடதா ஆக்கிக்கிட்டாங்க. சோவியத் காலத்துல கடைசியில வர்ற ஜார் கீதத்த (ரஷ்யப் பேரரசர வாழ்த்தற பாட்டு) வெட்டிட்டு இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவோட ஓப்பரா பாட்ட வெச்சாங்க, அந்த ஓப்பராவோட பழைய பேரே 'ஜாருக்காக ஓர் உயிர்'! (அந்த ஜார் கீதமும் 1833லதான் வந்துச்சு, 1812 போர்ல அத யாரும் பாடியிருக்கவே முடியாது.) 1974ல அமெரிக்காவோட பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவுல அதோட கண்டக்டர் ஆர்தர் ஃபீட்லர் ஜூலை 4க்கு பீரங்கி, சர்ச் மணி, வாணவேடிக்கையோட வாசிக்க வெச்சார், அதுலேர்ந்து அது அமெரிக்க சுதந்திர தினப் பாட்டு. 1812ல அமெரிக்கா பிரிட்டனோட போட்ட சண்டையப் பத்தினதுன்னு நம்பற அமெரிக்கர்கள் நிறைய பேர் இருக்காங்க, கெடுபிடிப் போர் நடுவுல ஒரு ரஷ்ய வெற்றிப் பாட்ட தேசப்பற்றோட கேட்டிருக்காங்க.

2022 மார்ச்ல வேல்ஸ்ல கார்டிஃப் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இத நிகழ்ச்சியிலேர்ந்து எடுத்துட்டாங்க. உக்ரைன்ல குண்டு விழுந்துட்டிருக்கறப்ப ரஷ்யா ஜெயிக்கிற பீரங்கிச் சத்தத்த மேடையில கேக்க முடியாதுதான், எடுத்தது சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது, ஏன்னா சைகோவ்ஸ்கி இத உக்கார்ந்து எழுதினதே உக்ரைன்ல, காமியன்காவுல, தங்கச்சி வீட்ல.

அந்த சர்ச் பாட்டு கடைசியில திரும்ப வரும், பிராஸ் (டிரம்பெட் மாதிரி பித்தளை ஊது வாத்தியங்கள்) மொத்தமும் சேர்ந்து மணியோட ஜெயிச்ச குரல்ல. கைத்தட்டல் அதுக்குத்தான் கிடைக்குது. நான் இப்பல்லாம் அது வரைக்கும் போறதில்ல, அந்த ஆறு பேர் வாசிச்சு முடிச்சதும் நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து போடறேன்.