பம்பரில் இருப்பது ஓட்டையே இல்லை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் முன் பம்பரைக் கழற்றிப் பழைய போர்வை மேல் கவிழ்த்துப் போட்டேன். ஃபாக் லேம்ப்பைச் சுற்றித் தேன்கூடு மாதிரி கறுப்பு வலை இருக்கிறதே, அதன் வழியாகத்தான் பிரேக்குக்குக் காற்று போகிறது என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க மூடிக் கிடக்கிறது. வலையே கிடையாது. வலை மாதிரி அச்சு போட்ட ஒரே பிளாஸ்டிக் துண்டு. விரலால் அழுத்தினால் லேசாக வளைகிறது. ஒரு கொசு நுழைய வழியில்லை.

வயிறு எரிந்தது. பின்னால் 'ஸ்போர்ட்' என்று எழுத்து ஒட்டியிருக்கிற மாடல் இது. சாதாரண மாடலைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கினேன். அந்தப் பணத்துக்குக் காற்று வரும் வழியைத் தரவில்லை, காற்று வருகிற மாதிரி ஒரு தோற்றத்தை விற்றிருக்கிறார்கள்.

ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற பந்தயத் தடம் 2.1 கிலோமீட்டர் சுற்று. பெரிய டிராக் என்று சொல்ல முடியாது. ஆனால் திருப்பங்கள் அடுத்தடுத்து வருவதால் பிரேக்குக்கு மூச்சு விட நேரமே கிடைக்காது. அங்கே என் காரை ஓட்டியபோது ஆறாவது லேப்பிலேயே, அதாவது ஆறாவது சுற்றிலேயே, பிரேக் பெடல் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. ஏழாவது லேப்பில், நேர்பாதை முடிகிற இடத்தில் மிதித்தேன். பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் போனது. விட்டு மறுபடி மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. பஞ்சை மிதிக்கிற மாதிரி. முன்னால் வண்டி எதுவும் இல்லாததால் பிழைத்தேன். கியரை இறக்கி, டிராக்கை விட்டு வெளியே புல்லில் ஓடவிட்டு நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் அந்தக் கருகல் நெடி மூக்கில் ஏறியது. என் பையன் வேலியோரம் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அதை இன்றுவரை என்னால் பார்க்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் 130 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்க வேண்டும் என்றால் சுமார் 6 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதி வர வைக்கிற அளவு சூடு அது. அடுப்பில் அதற்குப் பல நிமிஷம் ஆகும். இங்கே மூன்று விநாடி. அதில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுகளுக்குள், இறங்குகிறது. அடுத்த திருப்பத்தில் மறுபடியும். அதற்கு அடுத்ததில் மறுபடியும். அந்தச் சூட்டை வெளியேற்றக் காற்றைத் தவிர வேறு ஆள் கிடையாது. அந்தக் காற்றைத்தான் பிளாஸ்டிக் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். அங்கேதான் உண்மையான கொதிப்பு ஆரம்பித்தது.

முதல் கடையில், "காலிப்பருக்குச் சிவப்பு கவர் போட்டுரலாம் சார், லுக் வேற மாதிரி ஆயிரும்" என்றார்கள். பிரேக் வேலை செய்யவில்லை என்று வந்தவனிடம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் காலிப்பரை இன்னொரு பிளாஸ்டிக்கால் மூடச் சொல்கிறார்கள்! சூடு வெளியே போக வழி தேடுகிறவனுக்குக் கம்பளி விற்கிற வேலை இது. அடுத்த கடையில் துளை போட்ட டிஸ்க். இன்னொரு இடத்தில் ஆறு பிஸ்டன் காலிப்பரோடு பெரிய பிரேக் கிட், ஒன்றரை லட்சத்துக்கு மேல், அது உள்ளே அடங்கப் புது வீலும் வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், "நம்ம ஊர் ரோட்டுக்கு இதே அதிகமுங்க, எதுக்கு வீண் செலவு" என்று முடித்துவிட்டார்.

ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "பிரேக் ஆயில் எப்பங்க மாத்துனீங்க?" என்று கேட்கவில்லை.

நானே பழைய பில்லை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸ் தாளிலும் பிரேக் ஆயிலுக்கு நேராக 'சரிபார்க்கப்பட்டது' என்று டிக் போட்டிருக்கிறார்கள். மூடியைத் திறக்காமல், அளவுக்கோட்டை மட்டும் வெளியிலிருந்து பார்த்துப் போட்ட டிக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்கிற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் கால் மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், டிஸ்க்கை உரசி நிறுத்துகிற பேட் வரை எதுவும் போய்ச் சேராது. எனக்கு நடந்தது அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஒரு பாட்டில் ஆயில். அதை மாற்றாமலே மாற்றத் தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியவர்களை என்ன செய்வது?

துளை போட்ட டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். "ஃபார்முலா ஒன்னுலயே ஓட்டை இருக்கு சார்" என்று அந்தக் கடைக்காரர் அடித்துச் சொன்னார். இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறது. ஆனால் அது கார்பன் டிஸ்க். அந்தத் துளைகள் பேட் உரசுகிற முகத்தில் இல்லை, டிஸ்க்கின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அதன் தடிமனுக்குள்ளே ஓடுகின்றன. காற்று ஓடும் சுரங்கம் அது. இவர்கள் விற்பது இரும்பு டிஸ்க்கின் முகத்தில் குறுக்கே துளைத்தது. டிராக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தத் துளையின் ஓரத்திலிருந்துதான் முதல் விரிசல் கிளம்பும். சூட்டைத் தாங்கிக்கொள்ள இருக்கிற இரும்பையும் துளைத்துக் குறைத்துவிட்டு, அதற்குக் கூடுதல் விலை வேறு.

நம் காரில் ஏற்கெனவே இருக்கிற சாதாரண வென்டிலேட்டட் டிஸ்க்கே அருமையான சாமான். இரண்டு தட்டு, நடுவில் வரிசையாகத் தடுப்புகள். சுழலும்போது அதுவே ஒரு பம்ப் மாதிரி நடுக்கண் பக்கத்திலிருந்து காற்றை இழுத்து வெளிவிளிம்பு வழியாக வீசி எறியும். அதற்கு வேண்டியது நடுவில் குளிர்ந்த காற்று. அவ்வளவே. போர்ஷே 911 ஜிடி3 காரில் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையில் ஒரு பிளாஸ்டிக் துடுப்பு மாட்டியிருக்கும், அடியில் ஓடும் காற்றைப் பிடித்து பிரேக் பக்கம் திருப்பிவிட. அதே போர்ஷேயின் பழைய பாக்ஸ்டர் கார் வைத்திருப்பவர்கள் அதை வாங்கித் தங்கள் காரில் மாட்டிக்கொள்வது ஊரறிந்த சங்கதி. அத்தனை விலை காரிலேயே தீர்வு ஒரு பிளாஸ்டிக் துடுப்புதான். நமக்கு மட்டும் ஒன்றரை லட்சமா?

நான் செய்தது இது. அந்தப் பொய் வலையை அறுத்து எறிந்தேன். ஃபாக் லேம்ப்புக்குப் பக்கத்தில் உண்மையான ஓட்டை ஒன்று பிறந்தது. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசி மறைப்புத் தகட்டை (டஸ்ட் ஷீல்ட்) கழற்றி ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்தப் பெரியவர் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்து நடுவுல விழோணும், அவ்வளவுதானுங்களே தம்பி?" என்றார். ஒரு மாதம் அலைந்ததில் விஷயத்தைப் புரிந்துகொண்ட முதல் மனிதர். டிஸ்க்கின் கண்ணுக்கு நேராக ஷீல்டில் வெட்டி, 63 மில்லிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் காற்று அடித்தால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் கொதித்து டிஸ்க் கோணிக்கொள்ளும், அதனால்தான் நடுவுக்கு இவ்வளவு மெனக்கெடுவது. பம்பரிலிருந்து அங்கே வரை சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழை ஹோஸ். சமையலறைப் புகைபோக்கிக்குப் போடும் அலுமினிய ஹோஸ் மலிவுதான், அதிர்வில் கிழிந்துவிடும், வேண்டாம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து டயரில் உரசாத வழியாகக் கொண்டுபோய், ஏபிஎஸ் சென்சார் ஒயரைத் தொடாமல் கிளாம்ப் போட்டேன். இதற்கு மட்டும் ஒரு முழு நாள் போனது. ஆயிலோடு சேர்த்து எல்லாச் செலவும் பத்தாயிரத்துக்குள்.

ஆயில் மாற்றியதால்தானே சரியானது என்று சிலர் சொல்வார்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போன மாதம் ஒரு முறை ஓட்டியிருக்கிறேன். பெடல் கெட்டியாக நின்றது, ஆனால் எட்டாவது லேப்பில் பேட் நாறத் தொடங்கி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. ஹோஸ் மாட்டிய பிறகு நேற்று முன்தினம் பத்து லேப். பெடல் உயரம் இம்மியும் மாறவில்லை. நாற்றமில்லை. கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கினேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது வேகமாக ஓடும்போது வரும் காற்றை நம்பிச் செய்த வேலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இந்த ஹோஸ் பெரிதாகக் கைகொடுக்காது, அங்கே இரண்டாவது கியர்தான் துணை. அப்புறம், மழைக்காலத்தில் சேறும் தண்ணீரும் ஹோஸ் வழியாக நேராக டிஸ்க்குக்கே போகும். அதற்காக வாய்க்கு ஒரு மூடி வெட்டி வைத்திருக்கிறேன், டிராக்குக்குப் போகிற அன்று மட்டும் கழற்றுவேன்.

அந்த மூடியைச் செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆனது. நான்கு கிளிப், ஒரு துண்டு பிளாஸ்டிக். கார் செய்கிறவர்களே, உங்களிடம் பெரிய காலிப்பர் கேட்கவில்லை, கார்பன் கேட்கவில்லை. 'ஸ்போர்ட்' என்று பெயர் வைத்து விற்கிற காரில் அந்தப் பொய் வலையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து கொடுங்கள். பின்னால் ஒரு ஹோஸ் மாட்ட வாய் விட்டு வையுங்கள். மிச்சத்தை ஆவாரம்பாளையத்தில் பார்த்துக்கொள்கிறோம்.