வாழ்த்துகளுடன் எழுபதாயிரம்

(கீரமங்கலம். ஆடி மாதம். எந்தச் சுவரைப் பார்த்தாலும் மொய் விருந்து ஃபிளெக்ஸ். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மாமா திண்ணையில் உட்கார்ந்து வந்திருக்கும் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். பந்தல் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் ஒட்டி உட்காருகிறார்.)

பந்தல்காரர்: மாமா, ஒருத்தனுக்குக் கைமாத்தாகப் பணம் கொடுத்து, அவன் போனை எடுக்காமல் இருந்தால் என்ன செய்யலாம்? எனக்கு இல்லை, தெரிந்தவர் ஒருத்தர் கேட்டார்.

குமாஸ்தா: அந்தத் தெரிந்தவர் டெம்போக்காரனுக்கு எவ்வளவு கொடுத்தாராம்?

பந்தல்காரர்: எழுபதாயிரம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தா: அவன் வண்டி தெருமுனையில் திரும்பினாலே நீ கடைக்குள் போய்ப் பாத்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாய். கடன் வாங்கியவன் நீதான் என்று ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள்.

பந்தல்காரர்: நேரில் பார்த்தால் பணம் கேட்கத்தான் பார்க்கிறேன் என்று அவனுக்குச் சங்கடமாகிவிடுமே, மாமா.

குமாஸ்தா: சங்கடப்படுகிறவனா உன் நம்பரை பிளாக் செய்வான்?

பந்தல்காரர்: பிளாக் என்று சொல்ல முடியாது. ஒரு டிக்தான் விழுகிறது. படமும் தெரியவில்லை. டவர் கிடைக்காத இடத்தில் இருக்கிறானோ என்னவோ.

குமாஸ்தா: மூன்று வருஷமாகவா?

பந்தல்காரர்: உங்கள் மகள் போனில் அவன் ஸ்டேட்டஸ் தெரிகிறது. போன வாரம் குற்றாலத்தில் குளிக்கிற வீடியோ. இவள் அதற்கு ஒரு ஹார்ட் வேறு போட்டுவிட்டாள். "நன்றி தங்கச்சி" என்று உடனே பதில்.

குமாஸ்தா: சரி, கையில் என்ன ஆதாரம்? புரோநோட் எழுதினாயா?

பந்தல்காரர்: எழுதினேன். ரெவின்யூ ஸ்டாம்ப்கூட ஒட்டினேன்.

குமாஸ்தா: பரவாயில்லையே! கையெழுத்து?

பந்தல்காரர்: அதைக் கேட்க மனசு வரவில்லை. "என் மேல் நம்பிக்கை இல்லையா மச்சான்" என்று கேட்டுவிட்டால்?

குமாஸ்தா: கையெழுத்து இல்லாத புரோநோட்டை வைத்துக்கொண்டு முறுக்கு மடிக்கலாம். வேறு என்ன இருக்கிறது?

பந்தல்காரர்: செக் கொடுத்திருக்கிறான். (பையிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டுகிறார்.)

குமாஸ்தா: என்னடா இது, வழவழவென்று?

பந்தல்காரர்: நனைந்துவிடக்கூடாது என்று லேமினேஷன் போட்டேன்.

(மாமா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்க்கிறார். செக் அப்படியேதான் இருக்கிறது.)

குமாஸ்தா: செக்கில் போட்ட தேதியிலிருந்து மூணு மாசம்தான் உயிர். 2012-லிருந்து அதுதான் கணக்கு. அந்த மூணு மாசத்துக்குள் பேங்கில் போட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தால், பேங்க் தருகிற மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவனுக்கு 15 நாள் அவகாசம், அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு மாசத்துக்குள் செக் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு. செக்கைப் பேங்கில் போடுவதற்குப் பதிலாகப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாய். பேங்கில் போட என்ன தடை?

பந்தல்காரர்: போடும்போது சொல்லிவிட்டுப் போடு என்றான். சொல்லலாம் என்றால் போனை எடுக்கவில்லை.

குமாஸ்தா: போலீசுக்குப் போனாயா?

பந்தல்காரர்: "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்றார்கள். வெளியே வரும்போது ஒரு ஏட்டு, சாமியானா நாள் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

குமாஸ்தா: பணத்தை எப்படிக் கொடுத்தாய்? ரொக்கமா?

பந்தல்காரர்: இல்லை மாமா, ஜிபே. அது அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

குமாஸ்தா: அப்பாடா, இதுவாவது... (போனைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார்.) கீழே என்ன எழுதியிருக்கிறாய்?

பந்தல்காரர்: "வாழ்த்துகள்". புது வண்டிக்கு முன்பணம் கட்டத்தானே கேட்டான். வெறுமனே அனுப்பினால் நல்லாவா இருக்கும்?

குமாஸ்தா: எழுபதாயிரம் அனுப்பி "வாழ்த்துகள்" என்று போட்டால், ஜட்ஜ் அதை மொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்!

பந்தல்காரர்: அப்போ கோர்ட்டுக்கே போக முடியாதா?

குமாஸ்தா: போகலாம். ஆலங்குடியில் கேஸ் போட்டால் நூற்றுக்கு மூன்று ரூபாய் கோர்ட் ஃபீஸ், உனக்கு 2,100. 2017-க்கு முன்னால் ஏழரையாக இருந்தது.

பந்தல்காரர்: ஏழரை இப்போது எனக்குத்தான் நடக்கிறது.

குமாஸ்தா: பணம் கொடுத்தது எப்போது?

பந்தல்காரர்: ஆவணி பிறந்து முதல் வாரம். இந்த ஆவணி வந்தால் மூன்று வருஷம்.

குமாஸ்தா: (நிமிர்ந்து உட்கார்ந்து) மூன்று வருஷம் தாண்டினால் காலாவதிடா! 1963-ஆம் வருஷத்துச் சட்டம். வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் அந்தக் கெடு நிற்காது. ஒன்று, அதற்குள் கேஸ் போட வேண்டும். இல்லையென்றால் "இன்ன தொகை பாக்கி" என்று எழுதி அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருஷம்.

பந்தல்காரர்: முதல் தடவை கேட்கவே கூச்சப்பட்ட கையெழுத்து, இப்போது எப்படி மாமா?

(இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் இந்த மூலையில், ஆடி வந்தால் பல குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போடும். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். சட்டம் இல்லை, சாட்சி இல்லை, நோட்டு ஒன்றுதான். ஆனாலும் பேங்கை விட ஒழுங்காக நடக்கிறது என்பது என் கருத்து.)

பந்தல்காரர்: மாமா, நீங்கள்தானே மொய் என்றீர்கள். நானே இந்த ஆடியில் ஒரு விருந்து வைத்தால்? கடனைத் திருப்பாதவன்கூட மொய்யைத் திருப்பிவிடுவான். போன விருந்தில் அவனுக்கு ஐயாயிரம் செய்திருக்கிறேன்.

குமாஸ்தா: அந்த ஐயாயிரம் வரும். வட்டி போட்டதுபோல மேலே ஐந்நூறுகூட வரும். எழுபதாயிரம் எந்த நோட்டில் இருக்கிறது?

பந்தல்காரர்: அதானே. தப்பான நோட்டில் கொடுத்துவிட்டேன்.

(போன் அடிக்கிறது. தெரியாத நம்பர்.)

பந்தல்காரர்: அலோ... ஆமாம்... யாரு? (எழுந்து நின்றுவிடுகிறார். வாயைப் பொத்திக்கொண்டு) மாமா, அவன்தான்! புது நம்பர்!

குமாஸ்தா: என்னவாம்?

பந்தல்காரர்: ஆடி 28 அவனுக்கு மொய் விருந்தாம். பத்திரிகை அடித்துவிட்டானாம். சுற்று வட்டாரத்தில் எங்கேயும் பந்தல் கிடைக்கவில்லையாம். (போனில்) சொல்லு மச்சான்... நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே? குற்றாலத்தில் தண்ணீர் எப்படி?... பந்தல்தானே, போட்டுடலாம். வாடகையா? விருந்து முடிஞ்சதும் கொடு. அட்வான்ஸா? நமக்குள்ளே என்ன அட்வா...

(மாமா போனைப் பிடுங்குகிறார்.)

குமாஸ்தா: வணக்கம் தம்பி, பந்தல் கடை மேனேஜர் பேசுகிறேன். பந்தல் இருக்கிறது. கடைக்கு வந்து பில்லில் கையெழுத்துப் போட்டால்தான் கம்பு வண்டியில் ஏறும். பில்லில் முதல் வரி, "கைமாத்தாக வாங்கிய கடன் பாக்கி எழுபதாயிரம்". இரண்டாவது வரிதான் சாமியானா... ஆமாம், முழுப் பெயரும் தேதியும் போட வேண்டும்... யோசிக்கிறீர்களா? யோசியுங்கள், யோசியுங்கள்.

பந்தல்காரர்: (பதறி) தப்பாக நினைத்துக்கொண்டு கட் பண்ணிவிடப் போகிறான், மாமா!

குமாஸ்தா: பண்ண மாட்டான். இரண்டாயிரம் பத்திரிகை கொடுத்திருக்கிறானாம். (போனில்) என்ன தம்பி? பேனாவா? அதெல்லாம் கடையிலேயே இருக்கிறது, வாங்க.