12 இன்ச் கேட்டா 12 இன்ச் வரணும்

ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியால பிளவுஸ்ல பூவேலை செய்யறவங்க வயித்தெரிச்சல் இது. கைச்சுற்று 12 இன்ச்சுக்கு அளந்து வரைஞ்ச பார்டரை ஸ்கேன் பண்ணி பிரிண்ட் கொடுத்தா, வர்ற பேப்பர்ல அது 11.4 இன்ச்தான் இருக்கு. யாரும் அளந்து பாக்கறதில்ல. அப்படியே பட்டர் பேப்பர்ல (டிரேசிங் பேப்பர்) ஏத்தி, ஊசியால குத்தி, மண்ணெண்ணெயில குழைச்ச பவுடரைத் தேய்ச்சு டிசைனைத் துணியில இறக்கி, ஃப்ரேம்ல மாட்டி, ஜர்தோசி ஜரிகையும் பீட்ஸும் வச்சு முடிச்சப்புறம், டெய்லர் கையை மூட்டும்போதுதான் விஷயமே வெளிய வருது. பார்டரோட ரெண்டு முனையும் சேரல, நடுவுல அரை இன்ச்சுக்கு மேல வெறும் துணி. பட்டுல பிரிச்சுத் தைக்கவும் வழியில்ல, குத்தின ஓட்டை அப்படியே நிக்கும். கல்யாண பிளவுஸுக்கு யார் பதில் சொல்றது?

காரணம் ஒரே ஒரு பட்டன், பிரிண்ட் கொடுக்கறப்போ வர்ற ‘ஃபிட்’, அதாவது பேப்பருக்குள்ள அடக்குறது. ஏ4 பேப்பரோட நீளம் 29.7 செ.மீ., அதாவது 11.69 இன்ச். 12 இன்ச் அதுல எப்படி அடங்கும்? அதுவும் பிரிண்டர் ஓரத்துல நாலு மி.மீ. மாதிரி விட்டுத்தான் அடிக்கும். டிசைனை மட்டும் வெட்டி எடுத்து ‘ஃபிட்’னு கொடுத்தா, மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாம 95 சதவீதத்துக்குச் சுருக்கிடும். ஏ4 முழுசையும் ஸ்கேன் பண்ணி ‘ஃபிட்’ல அடிச்சா 96, 97 சதவீதம். இது இன்னும் ஆபத்து, ஏன்னா பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 10 இன்ச் பின்கழுத்து இறக்கம் 9.6, 9.7 ஆயிடும். சின்ன புட்டாவை ‘ஃபிட்’ கொடுத்தா தலைகீழ், பக்கம் முழுக்க ஊதிப் பெருசாயிடும். பிரிண்ட் கடையில “அண்ணா, ஃபிட் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் வைங்க”ன்னு சொன்னா, “எல்லாம் ஒண்ணுதாம்மா, சரியா வரும்”ங்கறாங்க. ஒண்ணு இல்லைங்க! வீட்டு போட்டோவுக்கு ‘ஃபிட்’ போதும். அளவு வச்சுத் தைக்கிற வேலைக்கு 100 சதவீதம் மட்டும்தான்.

அடுத்த அநியாயம் வாட்ஸ்அப். ஏ4-ஐ 300 டிபிஐ-ல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணினா 2480-க்கு 3508 பிக்சல். அதை போட்டோவா சாதாரணமா அனுப்பினா நீளப்பக்கம் 1600 பிக்சலைச் சுத்தி இறங்கிடும், கூடவே டிபிஐ விவரமும் போயிடும். இப்ப கடை கம்ப்யூட்டர் அதை 96 டிபிஐன்னு எடுத்துக்கிட்டா 16.7 இன்ச், 300-ன்னு எடுத்துக்கிட்டா 5.3 இன்ச். அசல் 11.69. ஒரே படம், மூணு அளவு! பிக்சலுக்கு இன்ச் தெரியாது, டிபிஐ சொன்னாத்தான் தெரியும். ஃபைலை டாக்குமென்ட்டா அனுப்பினா இந்தப் பிரச்சினையே இல்ல. இதைக்கூடவா செய்யக்கூடாது?

போன்ல போட்டோ எடுத்து அனுப்பறவங்களுக்கு இன்னும் கோபமாச் சொல்லணும். போன் லேசா சாஞ்சாலே கழுத்து டிசைன் ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் குறுகலா விழும். ஸ்கேன் ஆப் அதை நிமிர்த்தறேன்னு இழுத்து ஏ4 வடிவத்துக்குள்ள திணிச்சிடும். அப்புறம் அகலத்துக்கு ஒரு சதவீதம், உயரத்துக்கு ஒரு சதவீதம். எவ்வளவு ஜூம் பண்ணாலும் சேராது. கண்ணாடி மேல வச்சு எடுக்கற ஸ்கேனர்தான் இதுக்கு. கழுத்துக்குப் பாதியை மட்டும் வரைஞ்சு ஸ்கேன் பண்ணி, அளவு சரிபண்ணினப்புறம் கண்ணாடி பிம்பமா திருப்பி ஒட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்.

காசு வாங்கிட்டு பிடிஎஃப் டிசைன் விக்கறவங்க அதுல ஒரு அளவுக்கோடு கூடப் போடறதில்ல! அமெரிக்காவுல ஓடற லெட்டர் பேப்பர் அளவுல செட் பண்ணி அனுப்பறாங்க. அதோட அகலம் 21.59 செ.மீ., ஏ4 அகலம் 21. ஃபிட் ஆனா 97 சதவீதத்துக்கு மேல வராது. வாங்கினவங்க தலையெழுத்தா?

ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி டிசைன் ஓரத்துல குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு, சரியா 10 செ.மீ. கோடு போடுங்க. பிரிண்ட் வந்ததும் ஸ்டீல் ஸ்கேலால அளங்க, இழுபடற டெய்லர் டேப் வேண்டாம். ஸ்கேல் முனை தேஞ்சிருக்கும், 1-ல ஆரம்பிச்சு 11 வரைக்கும் பாருங்க. 9.7 வந்தா, 10-ஐ 9.7-ஆல வகுத்து 100-ஆல பெருக்கணும், 103.1 சதவீதம். ஏற்கனவே 95-ல அடிச்ச பேப்பர்னா அந்த 95-ஐத்தான் பெருக்கணும், 97.9 வரும். இந்த இடத்துலதான் நிறைய பேர் 103-ஐப் போட்டுக் கெடுக்கறாங்க. “டபுள் சைஸ்”னு வாயால சொல்லாதீங்க, 200 சதவீதம்னா பரப்பளவு நாலு மடங்கு. எத்தனை இன்ச் வேணும்னு சொல்லுங்க.

கிம்ப்ங்கற இலவசப் பட மென்பொருள்ல இமேஜ் மெனுவில ‘பிரிண்ட் சைஸ்’ போய் அகலத்துல 12 இன்ச்னு அடிச்சா முடிஞ்சது, பிக்சல் மாறாது. போட்டோஷாப்ல ‘ரீசாம்பிள்’ டிக்கை எடுத்துட்டு இதையே செய்யலாம். ஏ4-ல அடங்காததை ஏ3-ல அடிங்க. ஏ3 இல்லாத கடைன்னா அக்ரோபேட் ரீடர்ல ‘போஸ்டர்’ இருக்கு. டைல் ஸ்கேல் 100, ஓவர்லாப் அரை இன்ச், கட் மார்க் டிக். ரெண்டு பேப்பரையும் ஒட்டினா முழு அளவு.

பெருசாக்கினா கல்லும் பெருசாகுமான்னு யாரும் யோசிக்கறதில்ல. 6 இன்ச் மோட்டிஃபை (தனி டிசைன்) 8 ஆக்கினா 133 சதவீதம். 4 மி.மீ. குந்தன் கல்லுக்கு வரைஞ்ச வட்டம் 5.3 ஆகும், கையில இருக்கற கல் 4-தான். சுத்தி இடைவெளி பல்லிளிக்கும். ஒரு வரிசை பீட்ஸுக்கு விட்ட 2 மி.மீ. சந்து 2.7 ஆயிடும், ஒரு வரிசை பத்தாது, ரெண்டு வரிசை நுழையாது. வெளிக்கோட்டை மட்டும் பெருசாக்கி, கல் வட்டத்தையும் பீட்ஸ் இடைவெளியையும் கையால திரும்ப வரையுங்க.

100-ல வச்சாலும் மெஷினுக்கு மெஷின் ஒரு சதவீதம் முன்னப்பின்ன இருக்கும். 12 இன்ச்ல அது 3 மி.மீ. வலது கைக்கு ஒரு கடை, இடது கைக்கு இன்னொரு கடைன்னு பிரிண்ட் எடுக்காதீங்க. ஒரே பிரிண்ட்ல ஒரு பட்டர் பேப்பர் குத்தி, அதையே திருப்பிப் போட்டு ரெண்டு கைக்கும் பவுடர் தேய்ங்க.