அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தவருக்கு

எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அந்தப் படம் போகாத புலனக் (வாட்ஸ்அப்) குழு இல்லை. கோயில் குழு, தாமான் (குடியிருப்பு) குழு, முன்னாள் மாணவர் குழு, கடைசியில் என் மாமியாரின் பஜனைக் குழுவுக்கும் வந்துவிட்டது. அவர் என்னிடமே காட்டி, “இது உங்க பள்ளிக்கூடமா தம்பி?” என்று கேட்டார்.

ஒரு பயிற்சி ஆசிரியையின் சிந்தனை மீட்சிப் பக்கம். அதில் ஒரே ஒரு வரியை மஞ்சள் வண்ணத்தில் தீட்டிக் காட்டியிருக்கிறார்கள். “இந்த மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.” கீழே ஊர்ப் பெரியவர் ஒருவரின் பொன்மொழி: “இவங்கள நம்பித்தான் பிள்ளைங்கள அனுப்புறோம்.” அப்புறம் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஆறு. எண்ணிப் பார்த்தேன், ஆறுதான்.

சிரித்த எத்தனை பேர் அந்தப் பக்கத்தின் மற்ற வரிகளைப் படித்தீர்கள்?

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் நடுநடுவே பயிற்றுப்பணிக்காகப் பள்ளிக்கு வருவார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். பாடம் முடிந்ததும் அதன் அடியில் சிந்தனை மீட்சி எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளைக்கு என்ன மாற்ற வேண்டும் என்று. அது ஊருக்கு எழுதும் அறிக்கை இல்லை. தப்பை எழுதுவதற்கென்றே வைத்திருக்கும் இடம். அந்த இடத்தில் தப்பை எழுதியதற்குத்தான் இவ்வளவு சிரிப்பு.

அந்தப் பெண் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? முதலாம் ஆண்டு வகுப்பு. ஒகர, ஓகாரச் சொற்களை வாசிக்கும் பாடம். ஒரு பையன் எழுந்து “அம்மா காதில் தேடு” என்று வாசித்திருக்கிறான். தோடு, தேடு ஆகிவிட்டது. வகுப்பே சிரித்திருக்கிறது. 19 பேரில் 6 பேர்தான் சரியாக வாசித்தார்கள் என்று கணக்கும் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே: “கொம்பையும் காலையும் நான் சிவப்பு மையில் பிரித்துக் காட்டினேன். மாணவர்கள் சிவப்பாக முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்ததும் ‘ஏ’ என்று முடிவு செய்துவிட்டார்கள். பின்னால் இருக்கும் காலைப் பார்க்கவில்லை. தவறு என் அட்டையில் இருக்கிறது.”

இதைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். மிகைப்படுத்தவில்லை. 26 வருடமாகப் பிள்ளைகள் ‘கொடு’ என்பதைக் ‘கெடு’ என்று வாசிப்பதைக் கேட்டு வருகிறேன். ‘கவனிச்சுப் படிடா’ என்று அதட்டியிருக்கிறேனே தவிர, ஏன் அப்படி வாசிக்கிறான் என்று யோசித்ததில்லை. நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். ‘தோ’ என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் எழுத்து. அதே ஏழு வயதுப் பிள்ளை அடுத்த பாடவேளையில் மலாய்ப் பாடத்தில் பி, யூ, பு. கே, யூ, கு. புக்கு என்று இடமிருந்து வலமாக வரிசை தப்பாமல் ஒலித்துப் பழகுகிறான். அதற்கடுத்து ஆங்கிலம், அங்கே இன்னொரு கூத்து. கண் எதை முதலில் பார்க்கிறதோ அதை வாய் முதலில் சொல்கிறது. பிள்ளை மக்கு இல்லை. 22 வயதுப் பெண் ஒருத்தி நான்காவது வாரத்தில் இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். நீங்கள் மஞ்சள் தீட்டினீர்கள்.

இன்னொன்று. மஞ்சள் தீட்டிய வரியில் வரும் ‘இந்த மாணவர்கள்’ வகுப்பு முழுவதும் இல்லை. பாலர் பள்ளிப் பக்கமே போகாமல், எழுத்தே தெரியாமல் முதலாம் ஆண்டுக்கு வந்த நான்கு பேர். அது மேல் வரியில் இருக்கிறது. அடுத்த வரியில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கேதான் படத்தை வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

தப்பை எழுதாவிட்டால் வேறு என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன். “28 மாணவர்களில் 25 மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர். 3 மாணவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது.” எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். தேதியை மட்டும் மாற்றினால் போதும். சிலர் இதற்கு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருப்பார்கள். இப்படி எழுதினால் யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். புலனத்தில் போட மாட்டார்கள். நல்ல ஆசிரியர் என்ற பெயரும் கிடைக்கும்.

என் பயிற்சிக் காலத்தில் ஆசிரியர் கல்விக் கழகத்தை மக்தாப் என்றுதான் சொல்வோம். விரிவுரையாளர் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், அந்தப் பாடத்தை முதல் நாளே ஒருமுறை நடத்திவிட்டேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு, தோட்டப் பள்ளி. மறுநாள் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வருகிறது. விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே எழுதுகிறார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும், “சார், இது நேத்தே படிச்சிட்டோமே” என்றாள். நான் காதில் விழாதது போல இருந்தேன். விரிவுரையாளரும் அப்படியே இருந்தார். அன்றைக்கு என் சிந்தனை மீட்சியில் “அனைத்து மாணவர்களும் பாட நோக்கத்தை அடைந்தனர்” என்று எழுதினேன். நல்ல புள்ளி வந்தது.

அந்த வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். வாசிக்க வராது. முதல் நாளே கண்டுகொண்டேன். ஆனால் எழுதவில்லை. எழுதினால் ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்பார்களே. பயிற்சி முடிந்து கிளம்பும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தான்.

போன வருடம் கோயில் வாசலில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து, “சார், என்னைத் தெரியுதா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்க விடவில்லை. பிறகு கையிலிருந்த திருவிழா நோட்டீசை நீட்டி, “எங்க உபயம் என்னைக்கு போட்டிருக்கு சார்?” என்று கேட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை போல என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாம் நாள் என்று படித்துச் சொன்னேன். சந்தோசமாகப் போனார். அவருக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

என் பக்கத்தை அன்றைக்கு யாரும் படம் பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. நல்ல கையெழுத்து.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். நேற்றிலிருந்து என் உள்பெட்டி நிரம்பி வழிகிறது.

‘பிள்ளையின் பெயர் அந்தப் பக்கத்தில் தெரிகிறதே, அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்?’ இது நியாயமான கேள்வி. பெயரை முழுதாக எழுதியிருக்கக் கூடாது. அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கோப்புக்குள் இருந்த பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோனது அவரா?

‘நீங்களும் வாத்தியார்தானே, அதனால் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்.’ ஆமாம். அப்புறம்?

‘அந்தக் காலத்து வாத்தியார்கள் இப்படியா இருந்தார்கள்? அர்ப்பணிப்பு, பக்தி, கண்டிப்பு…’ இதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைச் சொன்னவர்கள்தான் அதிகம். எந்தக் காலம்? 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்துக்காகக் கொட்டகை போட்டு, கங்காணியையும் கிராணியையும் (தோட்ட எழுத்தர்) வாத்தியாராக நிறுத்திய தோட்டங்கள் உண்டு. அந்தக் கொட்டகைகளில் இருந்துதான் நாம் வந்தோம். அங்கே உயிரைக் கொடுத்துக் கற்பித்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. என் அப்பா தோட்டப் பள்ளியில் படித்தவர். ‘எங்க வாத்தியார் அடிச்ச அடியிலதான் நான் ஆளானேன்’ என்று கடைசிவரை பெருமையாகச் சொல்வார். அதே வாத்தியார், அதே பிரம்பு, அதே பெஞ்சு. பெரியப்பா ஒருநாள் அடி வாங்கிவிட்டுப் பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள் ஓடினார், திரும்பவும் பள்ளிக்கு வரவே இல்லை. பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கினார். அந்த வாத்தியாரைப் பற்றிப் பெரியப்பா எங்கேயும் மேடை ஏறிப் பேசியதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. தேறியவர்கள்தான் பழைய வாத்தியாரைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள். தேறாதவர்களுக்குத்தான் எழுதத் தெரியாதே!

அந்த வாத்தியாரிடம் யாராவது சிந்தனை மீட்சி கேட்டார்களா? ‘இன்று ஒரு பையன் ஓடிவிட்டான், ஏன்?’ என்று அவர் ஒரு வரி எழுத வேண்டியிருந்தால், பெரியப்பாவின் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

‘பரீட்சை இருந்தவரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது’ என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யூபிஎஸ்ஆரை 2021-இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் 7ஏ, 8ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போட்டு நடுச்சாலையில் தொங்கவிட்டோம். ‘தேடு’ என்று வாசித்த பிள்ளைக்கு எந்த வருடத்தில் பதாகை வைத்தோம் அண்ணே? இப்போது இருப்பது வகுப்பறை மதிப்பீடு. ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. அதைப் போடுவது ஆசிரியர். உங்கள் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா இல்லையா என்பதற்கு இன்றைக்கு ஆசிரியர் உண்மையாக எழுதுவதை விட்டால் உங்களுக்கு வேறு கதியில்லை. அந்தக் கையைத்தான் எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறோம்.

கோபம் வருகிறது, எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தை அனுப்பி மகிழ்ந்தவர்களில் மூன்று பேரையாவது ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று போட்ட சட்டையோடு பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் உரிமை. சட்டை நல்ல துணி.

படம் பிடித்தது யார் என்றும் எனக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்க வேலையாக வந்து, ஆசிரியர் அறையில் காத்திருந்த ஐந்து நிமிடத்தில் மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். கமெண்ட்டிலும் யாரும் கேட்காதீர்கள்.

வெட்டப்பட்ட அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். “இந்த மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.”

வழிகாட்டி ஆசிரியர் நான்தான்.

முதல் வாரத்தில் அவரும் அந்த 25 பேர், 3 பேர் மாதிரிக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டு வந்தார். ‘இது வேண்டாம்மா, உள்ளதை எழுது, யாரும் உன்னைக் கடிக்க மாட்டார்கள்’ என்று சொன்னது நான். வியாழக்கிழமை அவர் அந்த நான்கு பிள்ளைகளைப் பற்றிக் கேட்க என் மேசைக்கு வந்தார். கணினியில் ஏதோ தரவு ஏற்றிக்கொண்டிருந்தேன், அன்றைக்கே கடைசி நாள். ‘திங்கட்கிழமை பேசுவோம்’ என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை படம் வந்துவிட்டது.

இன்று திங்கட்கிழமை. வந்தார். புதிய அட்டைகள் செய்து வந்திருந்தார், எல்லாம் ஒரே நிறம். பாடம் எப்படிப் போனது என்று கேட்டேன். “நல்லா போச்சு சார்” என்றார். கோப்பை நீட்டினார். “19 மாணவர்களில் 19 மாணவர்களும் பாட நோக்கத்தை அடைந்தனர்.” கீழே வழிகாட்டி ஆசிரியர் கையொப்பம் என்று ஒரு கோடு.

போட்டேன்.

அந்தப் படம் இன்னும் கைப்பேசியில் இருந்தால் அழித்துவிடுங்கள்.