பாஸ்படேஸ் வெறும் பிரேக் இல்லை

புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி கைனேஸ், அதைக் கழற்றும் நொதி பாஸ்படேஸ். "கைனேஸ் செல் பிரிதலைத் தொடங்கும், பாஸ்படேஸ் நிறுத்தும்" என்று ஒரு கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. தொடக்கமே ஒரு பாஸ்படேஸ் கையில் இருக்கிறது. வீ1, மிட்1 கைனேஸ்கள் செல் பிரிதலைத் தொடங்கிவைக்கும் கைனேஸான சிடிகே1-இன் 14-ஆவது திரியோனின், 15-ஆவது டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கி வைத்திருக்கும். அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ்தான் சிடிசி25. விடுபட்ட சிடிகே1 திரும்ப சிடிசி25-ஐத் தூண்டும். அதனால்தான் செல் பாதியில் தயங்கி நிற்காமல் உட்கரு பிரியும் கட்டமான மைட்டோசிஸில் இறங்குகிறது. சிடிகே1 ஒட்டும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் பிபி2ஏ-பி55 என்ற பாஸ்படேஸ் மட்டும் அப்போது அடங்கிக் கிடக்க வேண்டும். கிரேட்வால் கைனேஸ் பாஸ்பேட் ஏற்றிய ஈஎன்எஸ்ஏ என்ற சிறு புரதம் அதன் வாயை அடைத்து வைக்கிறது.

புதுச்சேரி, கடலூர் பக்கம் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து, வேண்டியதைப் பட்டையாகக் காணும் சோதனை) செய்யும் மாணவர்களுக்கு: செல்லை உடைத்ததுமே பாஸ்படேஸ்கள் கட்டவிழ்ந்துவிடும். நம்மூர் மே மாத வெக்கையில் குழாய் ஐஸுக்கு வெளியே கொஞ்ச நேரம் இருந்தாலே பாஸ்பேட் ஏறிய புரதத்தின் பட்டை மங்கிவிடும். பாஸ்படேஸ்களை அடக்க, உடைக்கும் கரைசலிலேயே சோடியம் புளோரைடு 10 மில்லிமோலார், சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார் இருக்கட்டும். வனடேட்டை பிஎச் 10-இல் மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்க வையுங்கள், ஆறியதும் பிஎச் மறுபடி பாருங்கள். மஞ்சளாகவே ஊற்றினால் டைரோசின் பாஸ்படேஸ் சரியாக அடங்காது. அதே கரைசலில் உலோக அயனியைப் பிடிக்கும் இடிடிஏ (EDTA), ஒடுக்கும் பொருளான டிடிடி (DTT) சேர்த்தாலும் வனடேட் வீண்.