"இன்னும் கதைக்கேல்லையோ?"

யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கதிரையில் இருக்க முதலே ஒரு மாமி வந்து பிள்ளையின் நாடியைப் பிடிப்பா. "என்ன, இன்னும் கதைக்கேல்லையோ?" அடுத்த வசனமும் கையோடு வரும்: "எங்கட மகளின்ர பெட்டை பத்து மாதத்திலயே எல்லாம் சொல்லுவாள்." சொல்லிவிட்டு அவ சாப்பிடப் போய்விடுவா. தாய்க்குத்தான் அன்றிரவு நித்திரை வராது.

மாமியில் எனக்குக் கோபம் இல்லை. கேட்கிற கேள்விதான் பிழை என்கிறேன். பிள்ளையின் வாயில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், நாங்கள் சொல்வது அதற்கு விளங்குகிறதா, எங்களோடு கதைக்க அது வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சொல் எண்ணிக்கை என்பது பிள்ளைக்குப் பிள்ளை மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிற சங்கதி. முதல் சொல் 12 மாதத்தை ஒட்டி வரும் என்பார்கள். 10 மாதத்தில் சொல்வதும் உண்டு, 15 மாதத்தில் சொல்வதும் உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பெற்றோரிடம் சொற்பட்டியல் கொடுத்து எடுத்த கணக்கில், 2 வயதுப் பிள்ளை நடுத்தரமாக 300 சொல் அளவில் சொல்கிறது. மெதுவாக வரும் 10 வீதத்தினர் 60ஐத் தொடவில்லை. முன்னுக்கு நிற்கும் 10 வீதத்தினர் 500ஐத் தாண்டிவிட்டார்கள். எல்லாரும் ஒரே வயதுப் பிள்ளைகள்! பெண் பிள்ளைகள் சராசரியில் கொஞ்சம் முந்துவார்கள். அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதம்தான்.

என் தங்கையின் மகன் 2 வயது நெருங்கும்வரை நாலைந்து சொல்லோடுதான் திரிந்தான். அம்மா, மா, இந்தா, வேண்டாம். ஆனால் "மாமரத்துக்குக் கீழ அப்பப்பாவின்ர செருப்புக் கிடக்குது, எடுத்துக்கொண்டு வா" என்றால் நேரே போய் எடுத்து வருவான். அதுவும் அப்பப்பாவின் செருப்பை, பக்கத்தில் கிடக்கும் மாமாவின் செருப்பை அல்ல. மதிலில் அணில் ஓடினால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நாங்கள் பார்க்கிறோமா என்று திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தத் திரும்பிப் பார்த்தல் பெரிய விசயம். வாய் திறக்காமலே அவன் கதைத்துக்கொண்டுதான் இருந்தான்.

அதே காலத்தில் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு பிள்ளை. போனில் பார்த்து ஆங்கில எழுத்து முழுவதும் சொல்லும், நிறம் சொல்லும், இருபதுவரை எண்ணும். ஊரே "கெட்டிக்காரன்" என்றது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, தண்ணீர் வேண்டுமென்றால் கேட்காது, எதையும் விரல் நீட்டிக் காட்டாது. மாமியின் கேள்வியில் இந்தப் பிள்ளைக்குத்தான் முழுப் புள்ளி. டொக்டரிடம் முதலில் காட்ட வேண்டியதும் இந்தப் பிள்ளையைத்தான்.

பிறகு வைத்தியம் தொடங்கும். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார்கள். வசம்பில் நஞ்சுத்தன்மையான ஒரு பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். "நாக்குக் கட்டியிருக்கு, வெட்டிவிடு" என்பார்கள். நாக்குக் கட்டினால் சில ஒலிகள் தடுமாறலாம், சொல்லே வராமல் போகாது. கனடா, பிரான்சில் இருக்கும் பேரப்பிள்ளை என்றால், "ரெண்டு மூண்டு பாசை, பிள்ளை குழம்பிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்வார்கள். இதை நம்பித் தமிழை நிறுத்திவிட்ட வீடுகள் எத்தனை! இரண்டு மொழி கேட்பதால் பிள்ளை பிந்துவதில்லை. எண்ணத்தான் வேண்டுமென்றால் இரண்டு மொழிச் சொல்லையும் கூட்டி எண்ணுங்கள்.

"பிள்ளைக்குப் போனைக் குடுக்காதே" என்றும் மாமி சொல்லுவா. அந்த விசயத்தில் மட்டும் நானும் அவ பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: 2 வயது ஆகும்வரை பிள்ளைக்குத் திரையே வேண்டாம், அதற்குப் பிறகும் 5 வயது ஆகும்வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பழைய கிழவிகளிடம் ஒரு விளையாட்டு இருந்ததே, பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் கீரை கடைந்து, விரல் விரலாகச் சோறு கொடுத்து, கடைசியில் கமக்கட்டில் கிச்சுக்கிச்சு மூட்டுவது. அடுத்து என்ன வரும் என்று பிள்ளை முகம் பார்த்துக் காத்திருக்கும். நீ ஒன்று, நான் ஒன்று என்ற முறை அதில் இருக்கிறது. கார்ட்டூன் பிள்ளைக்காகக் காத்திருக்காது. (புருசன் வெளிநாட்டில், கைப்பிள்ளையோடு தனியாகச் சமைக்கிற தாய்க்கு இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. பின்னேரத்தில் யாராவது போய்ப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருங்கள்.)

மறுபக்கத்தில் ஆறுதல் கோஷ்டி. "தகப்பனும் மூண்டு வயசிலதான் வாய் திறந்தவன்." அதற்கு மேல் போனால் குமரகுருபரர். ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் முருகன் அருளால் பாடியவர் என்பது எங்கள் சைவ வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நல்லூரானுக்கு நேர்த்தி வையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காதையும் பரிசோதியுங்கள். "வெடிச் சத்தத்துக்குத் திரும்புறான், காது கேக்குதுதானே" என்பது சோதனை ஆகாது. கொஞ்சம் குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு வெடி கேட்கும், கிரைண்டர் கேட்கும். 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப்போகும். பிள்ளை நித்திரையாக இருக்கும்போதே காதில் சின்னக் கருவியை வைத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறது, நோகாது.

2 வயதில் 50 சொல்லும் வராமல், "பால் தா" போல இரண்டு சொல்லைச் சேர்க்கவும் இல்லையென்றால் காட்டுவது நல்லது. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போகும் வயதில் எட்டிப்பிடித்துவிடுவார்கள், என் தங்கையின் மகனைப் போல. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும் என்று 2 வயதில் மாமியாலும் சொல்ல முடியாது, டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் மட்டும் எந்த வயதென்றாலும் ஒரு கிழமைகூடத் தாமதிக்க வேண்டாம்.

18 மாதத்தில் முக்கூட்டு ஊசிக்கும் போலியோ சொட்டுக்கும் எப்படியும் கிளினிக்குக்குப் போகத்தான் போகிறோம். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு பச்சைக்குள் நிற்கிறதா என்று பார்த்ததோடு கொப்பியை மூடிவிடாதீர்கள். பெயருக்குத் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் மிட்வைஃபிடம் அன்றைக்கே சொல்லுங்கள். ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். ஊர் என்னவாவது நினைத்துவிட்டுப் போகட்டும்.