செஸ் இன்ஜின் எழுதினா பேடண்ட் கேஸா? அந்த ஃபார்வர்டு தப்புங்க

"10க்கு 8 கட்டம் வச்ச செஸ்ஸுக்கு இன்ஜின் (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்) எழுதினா அமெரிக்கா பேடண்டுக்கு பீஸ் கட்டணும், இல்லன்னா கேஸ்"னு காட்பாடி, சத்துவாச்சாரி குரூப்ல எல்லாம் ஒரு மெசேஜ் சுத்துது, அதப் படிச்சிட்டு எங்க தெரு பையன் பிஷப்பும் குதிரையும் சேந்த காய்க்கு ராத்திரியெல்லாம் முழிச்சு எழுதின கோடை டெலிட்டே பண்ணிட்டான், பாவம்.

அந்த 10க்கு 8 கட்டத்துல ஆடுற காத்திக் செஸ்னு ஒரு ஆட்டத்துக்கு 2002ல அமெரிக்காவுல பேடண்ட் குடுத்தது நிஜம்தான். ஆனா அது காலாவதியாகி வருஷக்கணக்காச்சு, இருந்தப்பவும் அமெரிக்காவுக்குள்ள மட்டுந்தான் செல்லும். கூகுள் பேடண்ட்ஸ்ல அதோட நம்பர் US 6481716னு போட்டுப் பாருங்க. நம்ம நாட்டு பேடண்ட் சட்டம் 3(எம்) பிரிவுல விளையாடுற முறைக்கு பேடண்டே கிடையாதுன்னு தெளிவா இருக்கு, அரசு பேடண்ட் ஆபீஸ் வெப்சைட்லயே சட்டம் கிடைக்கும்.

இந்த மாதிரி செஸ் வகைகள ஆடுற ஃபேரி ஸ்டாக்ஃபிஷ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் இன்ஜினோட கோடை எடுத்து உங்க இன்ஜின்ல சேத்து வெளியிட்டா, அதோட ஜிபிஎல் லைசென்ஸ் படி சோர்ஸ் கோடையும் குடுக்கணும், அது காப்பிரைட் சமாச்சாரம், வேற கதை.

அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க.